பழைய படகுக்குப் புதிய நீச்சல் மேடை: பின்சுவரில் தொடங்கிய ஒரு வேலையின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த ஆய்வுக்குரிய படகு ஏறத்தாழ 35 ஆண்டுகள் பழையது. நீளம் 7.3 மீட்டர், உடல் கண்ணாடியிழையால் ஆனது, இயந்திரம் உள்ளேயும் உந்துகருவி பின்சுவருக்கு வெளியேயும் அமைந்த ஸ்டெர்ன் டிரைவ் வகை. பின்சுவர் என்று இங்கே சொல்வது படகுக்காரர்கள் டிரான்சம் என்று அழைக்கும் பகுதியை. அக்காலத்தில் கட்டப்பட்ட பெரும்பாலான படகுகளைப் போல இதன் பின்சுவரும் இரண்டு கண்ணாடியிழைத் தோல்களுக்கு நடுவே சுமார் 38 மி.மீ. கனமுள்ள பிளைவுட் வைத்து ஒட்டிய அடுக்கு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மரம் தெரியாது. நீரில் இறங்கவும் ஏறவும் உதவும் நீச்சல் மேடையின் பாரம், உந்துகருவியின் பாரம், இயந்திரத்தின் தள்ளுவிசை ஆகிய எல்லாவற்றையும் தாங்குவது அந்த மரம்தான்.

படகுக்கு உரியவர் ஐம்பதைக் கடந்தவர். ஆண்டில் சில மாதங்கள் படகு ஓர் ஏரியில் மிதக்கும். மீதி நாட்களில் இழுவை வண்டியின் மேல் நிற்கும். பின்னால் 50 செ.மீ. நீட்டிக்கொண்டிருந்த தேக்குச் சட்ட மேடை, அவர் இந்தப் படகை வாங்கியபோதே அதில் இருந்தது. ஒரு நாள் அவருடைய மருமகன் அந்த மேடையிலிருந்து குதித்தபோது வலப்பக்கம் கிறீச்சிட்டது. பார்த்தபோது வலது ஓரத் தாங்கிக்கும் பின்சுவருக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடைவெளி விழுந்திருந்தது.

அவர் முதலில் என்னைத் தொலைபேசியில்தான் அழைத்தார். வேறொரு படகிலிருந்து கழற்றிய வார்ப்பு மேடை ஒன்று விலைக்கு வந்திருப்பதாகவும், தமது படகின் அகலத்துக்கு அது பொருந்துமா என்றும் கேட்டார். அவர் சொன்ன அளவுகளைக் கேட்டுவிட்டு, அகலம் பொருந்தும் என்று பதில் சொன்னேன். தாங்கி ஏன் விலகியது என்று நான் கேட்கவில்லை. ஒரு வாரம் கழித்து, பணம் கொடுத்து வாங்கிய மேடையோடும் படகோடும் அவர் வந்து சேர்ந்தார். இரண்டு நாள் வேலை என்பது அவருடைய கணக்கு.

முதல் பார்வையில் கண்டவை

படகு கரையேறி மூன்று நாட்கள் ஆகியிருந்தன. உடலின் மற்றப் பகுதிகள் எல்லாம் காய்ந்து கிடக்க, வலது ஓரத் தாங்கியின் கீழ்த் துளையிலிருந்து மட்டும் பாலில்லாத தேநீரின் நிறத்தில் நீர் கசிந்து, வெள்ளைப் பூச்சின் மேல் ஒரு கோடாக இறங்கிக் காய்ந்திருந்தது. விரலால் தொட்டபோது பிசுபிசுத்தது. மோந்தபோது ஊறிப்போன மரத்தின் வாடை அடித்தது. கண்ணாடியிழையிலிருந்து அந்த நிறமும் வாடையும் வருவதில்லை. உள்ளே மரம் நனைந்து இற்றுக்கொண்டிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிகுறி எனக்குத் தெரிந்து கிடையாது.

மேடையைத் தாங்கி நின்றவை நான்கு தாங்கிகள். உந்துகருவிக்கு இருபுறமும் இரண்டிரண்டு. ஒவ்வொன்றிலும் மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு பிணைப்புகள். மூன்று தாங்கிகளில் இவை பின்சுவரை ஊடுருவிச் சென்று உள்ளே வாஷரும் நட்டும் கொண்டு முடுக்கப்பட்ட போல்ட்டுகளாக இருந்தன. வலது ஓரத் தாங்கியில் மட்டும் கீழ்ப் பிணைப்புகள் இரண்டும் போல்ட்டுகள் அல்ல. முன்பு யாரோ அவற்றை எடுத்துவிட்டு, வெளியிலிருந்து மரத்துக்குள் முடியும் தடித்த மரையாணிகளை முறுக்கி விட்டிருந்தார். அவற்றில் ஒன்று ஸ்பானர் இல்லாமலே, கையால் திருகியவுடன் வெளியே வந்தது. அதன் மரைகளில் கறுத்து நைந்த மரநார் சுற்றியிருந்தது. ஆணியின் தலை புதியதைப் போல மின்ன, சுவருக்குள் புதைந்திருந்த கழுத்துப் பகுதி அரித்துப் பென்சில் முனையளவுக்கு மெலிந்திருந்தது. துருப்பிடிக்காத எஃகு தன்னைக் காத்துக்கொள்வதற்குக் காற்றிலுள்ள ஆக்சிஜன் தேவை; ஈரம் நிறைந்து காற்றுப் புகாத இடுக்கில் அந்தப் பாதுகாப்புப் படலம் சிதைந்து அரிப்பு தொடங்கிவிடும். வெளியே தெரியும் தலையைப் பார்த்து உள்ளே இருக்கும் தண்டை மதிப்பிட முடியாது என்பதற்கு அந்த ஆணி போதுமான சான்று. அதை நான் இன்னும் பட்டறையில் வைத்திருக்கிறேன்.

முன்பு வேலை செய்தவர் ஏன் மரையாணியைப் பயன்படுத்தினார் என்பது உள்ளே குனிந்து பார்த்தபோது புரிந்தது. அந்த இடத்துக்கு நேர் பின்னால் பேட்டரித் தட்டும் நீரிறைக்கும் பம்பின் குழாயும் இருந்தன. கை எட்டாது. எட்டவேண்டுமானால் இரண்டையும் கழற்ற வேண்டும். அதற்கு ஒரு முழு நாள் பிடிக்கும். அந்த ஒரு நாளை மிச்சப்படுத்தியதன் விலைதான் இப்போது எங்கள் முன்னால் கசிந்துகொண்டிருந்தது.

தட்டியும் துளைத்தும் அறிந்தவை

ஈரம் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று தெரியாமல் அடுத்த அடி எடுத்து வைக்க வழியில்லை. பின்சுவர் முழுவதிலும் பென்சிலால் 5 செ.மீ. சதுரங்களாகக் கட்டம் போட்டு, சிறிய கொட்டாப்புளியின் பின்முனையால் ஒவ்வொன்றாகத் தட்டிக் கேட்டோம். நல்ல இடம் ‘டக்’ என்று கெட்டியாக ஒலிக்கும். இற்ற இடம் ‘தொப்’ என்று அமுங்கும். வலது ஓரத் தாங்கியைச் சுற்றி ஏறக்குறைய 30 செ.மீ. அகலத்திலும் 25 செ.மீ. உயரத்திலும் ஒலி மாறியது. மற்ற இடங்களில் மாறவில்லை.

ஈரப்பதமானியையும் பயன்படுத்தினோம். ஆனால் அது காட்டும் எண்ணை அப்படியே நம்புவதற்கில்லை. பின்னால் உலோகம் இருந்தாலோ, மேலே சில வகைப் பூச்சுகள் இருந்தாலோ, காய்ந்த மரத்தையும் அது ஈரம் என்று சொல்லும். எனவே நன்றாகக் காய்ந்திருப்பது உறுதியான ஓர் இடத்தின் அளவை அடிப்படையாக வைத்துக்கொண்டு, மற்ற சதுரங்கள் அதிலிருந்து எவ்வளவு விலகுகின்றன என்பதை மட்டும் குறித்துக்கொண்டோம். அந்தக் கட்டத்தாளைப் பத்திரப்படுத்தியது பின்னால் உதவியது.

இறுதியாக, உள்ளிருந்து 5 மி.மீ. துளைகள் பதினொன்று போட்டோம். வெளித்தோலைத் தொட்டுவிடாமல் இருக்க, ட்ரில் முனையில் ஆழத்தைக் குறித்து ஒட்டுநாடா சுற்றிக்கொண்டோம். வெளிவரும் மரத்தூளைத் துளைக்கொன்றாகத் தனித்தனிக் காகிதத்தில் ஏந்தினோம். எட்டுக் காகிதங்களில் தூள் வெளிர் மஞ்சளாக, ஊதினால் பறப்பதாக இருந்தது. மூன்றில் காப்பித்தூள் நிறத்தில் ஈரமாக, விரலால் அழுத்தினால் உருண்டையாகத் திரண்டது. அந்த மூன்றும் வலது ஓரத் தாங்கியின் கீழே இருந்தவை. மீதி எட்டில் இரண்டை, உந்துகருவிக்காகப் பின்சுவரில் வெட்டப்பட்டிருந்த பெரிய திறப்பின் ஓரத்தில் வேண்டுமென்றே போட்டிருந்தோம். அவை காய்ந்திருந்தன. அவை நனைந்திருந்தால் இந்த ஆய்வு வேறுவிதமாக எழுதப்பட்டிருக்கும். இயந்திரத்தை வெளியே எடுத்துப் பின்சுவர் மரம் முழுவதையும் மாற்ற வேண்டியிருந்திருக்கும்.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

முதல் கேள்வி பின்சுவரைப் பற்றியது. படகுக்கு உரியவர், எப்பாக்ஸி எனப்படும் இறுகும் பிசினை நீர்க்கவைத்துச் சிறு துளைகள் வழியாகச் செலுத்தி மரத்தை இறுக வைத்துவிடலாமே என்று கேட்டார். பலரும் இப்படிச் செய்வதாக அவர் கேள்விப்பட்டிருந்தார். நான் மறுத்தேன். நீர் நிறைந்த மரத்துக்குள் பிசின் புக இடமில்லை. இற்றுப்போன நார் பிசினில் ஊறினாலும் இழந்த வலு சீராகத் திரும்பாது. எந்த இடம் ஊறியது, எந்த இடம் ஊறவில்லை என்பதை வெளியிலிருந்து அறியவும் முடியாது. அது பூசி மெழுகும் வேலையாகவே முடியும். மனிதர்கள் ஏறி நிற்கப்போகும் ஒன்றை அதன் மேல் மாட்ட எனக்கு மனம் ஒப்பவில்லை. ஈரம் ஓரிடத்தோடு நின்றிருந்ததால், அந்தப் பகுதியை மட்டும் உள்ளிருந்து திறந்து மரத்தை மாற்றுவது என்று முடிவாயிற்று. வெளித்தோலைத் தொடாமல் உள்ளிருந்து திறந்தால், கண்ணில் படும் பூச்சு கெடாது. தோலின் வளைவும் அப்படியே அச்சாக நமக்குக் கிடைக்கும்.

இரண்டாவது கேள்வி, எந்த மேடை என்பது. அவர் வாங்கி வந்த வார்ப்பு மேடை 75 செ.மீ. நீளும். நீச்சல் மேடை என்பது பின்சுவரில் மாட்டிய ஒரு நெம்புகோல்தான். 100 கிலோ எடையுள்ள ஒருவர் அதன் வெளியோரத்தில், ஒரு தாங்கிக்கு நேர் மேலே நிற்பதாக வைத்துக்கொள்வோம். பழைய தாங்கிகளில் மேல் போல்ட்டுகளுக்கும் கீழ் போல்ட்டுகளுக்கும் இடையே 22 செ.மீ. மேடை 50 செ.மீ. நீளும்போது மேல் போல்ட்டுகளைப் பிடுங்க முயலும் இழுவை சுமார் 227 கிலோ. அதே தாங்கியில் 75 செ.மீ. மேடையை மாட்டினால் 341 கிலோ. அசையாமல் நிற்பவருக்கே இந்தக் கணக்கு. குதிப்பவர் இதைப் பல மடங்காக்குவார். இது கீழ்நோக்கிய பாரம் மட்டுமே. நங்கூரமிட்டு நிற்கும்போது அலை மேடையின் அடியில் வந்து அறைந்தால் பாரம் தலைகீழாகி, கீழ் போல்ட்டுகள் இழுபடும். இடைவெளியுள்ள சட்ட மேடையில் நீர் மேலே பீறிட்டுத் தப்பித்துக்கொள்ளும். அடி மூடிய வார்ப்பு மேடையோ அந்த அறையை முழுமையாக வாங்கிக்கொள்ளும்.

அதோடு, அந்த மேடையின் கனம் 12 செ.மீ. அட்டையில் அதே அளவுக்கு ஒரு மாதிரி வெட்டிப் பின்சுவரில் ஒட்டிவைத்து, உந்துகருவியை முழுவதும் மேலே தூக்கி இடமும் வலமும் திருப்பிப் பார்த்தோம். இடைவெளி 2 செ.மீ.தான் மிஞ்சியது. மேடை சற்றே தொய்ந்தாலும் உந்துகருவி இடிக்கும். படகுக்கு உரியவர் அந்த அட்டையைக் கையால் அழுத்திப் பார்த்தார். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, அதை விற்றுவிடுகிறேன் என்றார். அவருக்கு ஏற்பட்ட இழப்பில் என் பங்கும் உண்டு என்பதை அவரிடமே சொன்னேன்.

புதிய மேடையைத் தேக்கிலேயே, 55 செ.மீ. நீளத்தில், சட்டங்களுக்கு நடுவே 10 மி.மீ. இடைவெளி விட்டு, உந்துகருவிக்கு நேராக நடுவில் வெட்டுடன் செய்வது என்று தீர்மானித்தோம். தாங்கிகளை 316 தரத் துருப்பிடிக்காத எஃகில் புதிதாகச் செய்வித்து, மேல் கீழ் போல்ட்டுகளின் இடைவெளியை 26 செ.மீ. ஆக்கினோம். மேலே சொன்ன அதே கணக்கில் இப்போது இழுவை சுமார் 212 கிலோ. மேடை பழையதைவிட 5 செ.மீ. நீண்டும் சுவரை இழுப்பது குறைந்தது.

மூன்றாவது, எதை வைத்து நீரை அடைப்பது. இறுகியபின் பிரிக்கவே முடியாத அளவுக்குப் பிடிக்கும் பாலியூரித்தேன் ஒட்டுப்பசையை இத்தகைய வேலைகளில் பலர் விரும்புகிறார்கள். பாரத்தைத் தாங்க வேண்டியவை போல்ட்டுகள். பசையின் வேலை நீரை அடைப்பது மட்டும். என்றாவது ஒரு நாள் தாங்கியைக் கழற்ற வேண்டி வந்தால், அந்தப் பசை வெளித்தோலையும் பிய்த்துக்கொண்டு வரும். எனவே தேக்கோடும் கண்ணாடியிழையோடும் ஒத்துப்போகிற, நீருக்கடியிலும் நிற்கிற பாலிசல்ஃபைடு சீலன்ட்டைத் தேர்ந்தோம். கீழ் போல்ட்டுகள் மிதக்கும் நீர்மட்டத்துக்கும் கீழே அமைவதால் இந்தத் தேர்வைப் பற்றி இரண்டு நாட்கள் யோசித்தோம் என்பதையும் சொல்ல வேண்டும்.

வேலை நடந்த விதம்

பேட்டரித் தட்டையும் பம்புக் குழாயையும் கழற்றிய பிறகு, உள்தோலை 40 செ.மீ.க்கு 35 செ.மீ. அளவில் வெட்டி எடுத்தோம். நடுவில் இருந்த மரம் உளி வைக்கத் தேவையில்லாமல் கரண்டியால் வழித்தெடுக்கும் பதத்தில் இருந்தது. ஓரங்களுக்குப் போகப் போக உளி ஓசை எழுப்பத் தொடங்கியது. காய்ந்து கெட்டியான மரம் வரும்வரை வெட்டிக்கொண்டே போய், அதற்கு மேலும் இரண்டு விரல்கடை தள்ளி நிறுத்தினோம். மின்விசிறியும் விளக்கும் வைத்து ஒன்பது நாட்கள் உலர விட்டோம். ஆறாம் நாளே போதும் என்று தோன்றியது. ஈரப்பதமானி இன்னும் இறங்கிக்கொண்டிருந்ததால் பொறுத்தோம்.

புதிய மரம் படகுத்தர பிளைவுட், 18 மி.மீ. கனத்தில் இரண்டு அடுக்குகள். முதல் அடுக்கு சிறியது, இரண்டாவது அதைவிடப் பெரியது. அப்படி வைத்தால் இரண்டின் இணைப்புக் கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக விழாது. வெளித்தோலோடு அவற்றை அழுத்திப் பிடிப்பதற்கு, பழைய தாங்கியின் துளைகளே கைகொடுத்தன. மெழுகு தடவிய போல்ட்டுகளை அவற்றின் வழியே விட்டு, இருபுறமும் அகன்ற பலகைத் துண்டுகளை வைத்து முடுக்கினோம். கெட்டியாக்கிய எப்பாக்ஸி எல்லா ஓரங்களிலும் சீராகப் பிதுங்கி வந்தபோதுதான் உள்ளே வெற்றிடம் இல்லை என்று நிம்மதி வந்தது. உள்தோலை மீண்டும் கட்ட, வெட்டு விளிம்பைச் சுற்றிலும் கனத்துக்குப் பன்னிரண்டு மடங்கு தூரம் சரிவாகச் சீவினோம். தோலின் கனம் 4 மி.மீ. என்பதால் சரிவு 48 மி.மீ. அதன் மேல் நான்கு அடுக்குக் கண்ணாடியிழைத் துணி. எப்பாக்ஸி இறுகியபின் மேலே படியும் வழுவழுப்பான படலத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவி, உப்புத்தாள் போட்டபின்பே அடுத்த வேலைக்குப் போனோம். இந்தக் கழுவலை விட்டால் மேல் அடுக்கு பிடிக்காது.

அடுத்தவை துளைகள். மொத்தம் பதினாறு. வலது ஓரத் துளைகளுக்கு எவ்வளவு கவனம் தேவையோ அதே கவனம் மற்ற பன்னிரண்டுக்கும் தேவை என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். சீலன்ட் எவ்வளவு நல்லதாயினும் என்றோ ஒரு நாள் தளரும். அன்றைக்கு நீர் துளைக்குள் வரலாம், மரத்தைத் தொடக்கூடாது. அதற்காக முதலில் வெளியிலிருந்து 5 மி.மீ. வழித்துளை மட்டும் போட்டோம். பின் உள்ளிருந்து 16 மி.மீ. முனையால் உள்தோலையும் மரத்தையும் மட்டும் அகலப்படுத்தி, வெளித்தோலில் நிறுத்தினோம். வெளியே ஒட்டுநாடாவால் அடைத்துவிட்டு, உள்ளே முதலில் நீர்த்த எப்பாக்ஸியைத் தூரிகையால் தடவி மரம் குடிக்கும்வரை காத்திருந்து, பிறகு கெட்டியாக்கியதை நிரப்பினோம். ஒரே தடவையில் நிறைய ஊற்றினால் சூடேறி வெடிப்பு விடும். ஆகவே சிறு சிறு கலவைகளாகக் கலந்தோம். அது இறுகியபின் 10 மி.மீ. போல்ட்டுக்கான துளையைப் போட்டபோது, ஒவ்வொரு துளையைச் சுற்றிலும் ஏறக்குறைய 3 மி.மீ. கனத்தில் எப்பாக்ஸி உறை நின்றது. வெளிப்பூச்சு சிதறாமல் இருக்க ட்ரில்லை முதலில் எதிர்த்திசையில் சுழலவிட்டுப் பள்ளம் பண்ணிக்கொண்டு, பிறகே நேர்த்திசையில் துளைத்தோம். துளையின் வெளிவாயைச் சற்றே சரித்துச் சீவிவிட்டோம். சீலன்ட் அங்கே ஒரு வளையமாகத் தங்கும்.

உள்ளே ஒவ்வொரு தாங்கிக்கும் 10 மி.மீ. கனமுள்ள ஜி-10 கண்ணாடியிழைத் தகடு ஒன்று, 10 செ.மீ.க்கு 32 செ.மீ. அளவில். நான்கு போல்ட்டுகளும் அந்த ஒரே தகட்டின் வழியாக வருவதால் இழுவை ஒரு வாஷரின் பரப்பில் குவியாமல் பரவும். பின்சுவர் செங்குத்தாக இல்லை, குறுக்கே வளைவும் உண்டு என்பதால், தாங்கிகளின் அடியில் மெழுகுத்தாளும் கெட்டி எப்பாக்ஸியும் வைத்து, சுவரின் வடிவத்துக்கே ஆப்புப் போன்ற அடிப்பட்டைகளை வார்த்துக்கொண்டோம். மேடையில் நீர் தேங்காதிருக்கப் பின்னோக்கி இலேசாக வாட்டம் விட்டோம்.

தண்ணீரில் இறக்கிய பிறகு

இந்தப் பகுதியில் எங்கள் பிழை இருக்கிறது. மேடையின் உயரத்தை, படகு இழுவை வண்டியில் நிற்கும்போதே, உடலில் படிந்திருந்த அழுக்குக் கோட்டை நீர்மட்டமாக வைத்துக் குறித்தோம். உள்ளே நீர் தெரியும் குழாயில் நீர் நிரப்பி மட்டம் பார்த்து, மிகத் துல்லியமாகவே குறித்தோம். ஆனால் அந்தக் கோடு படகு ஆளில்லாமல், எரிபொருள் குறைந்து, கட்டிக்கிடந்த நாட்களில் விழுந்தது. அதன்படி மேடையின் மேற்பரப்பு நீருக்கு மேலே 16 செ.மீ. இருக்க வேண்டும், காலிப் படகில் அப்படியேதான் இருந்தது. 200 லிட்டர் தொட்டியை நிரப்பினோம். அதுவே சுமார் 150 கிலோ. ஐந்து பேர் ஏறினார்கள். பின்பக்கம் தாழ்ந்து 7 செ.மீ. ஆயிற்று. இருவர் மேடையின் ஓரத்தில் நின்றபோது 3 செ.மீ. சிறு அலைக்கே சட்டங்களின் இடுக்குகளில் நீர் குமிழியிட்டு வந்து அவர்களின் பாதத்தை நனைத்தது. பின்னோக்கி ஓட்டிப் பார்த்தபோது மேடையின் விளிம்பு நீரை வாரிக்கொண்டு பின்சுவரை நோக்கித் தள்ளியது. இப்படியே விட முடியாது.

தாங்கிகளை மேலே ஏற்றுவது நேரான வழி. அதற்குப் பின்சுவரில் மேலும் பதினாறு துளைகள் வேண்டும். இப்போதுதான் அடைத்து முடித்த சுவர். நான் அதற்கு இணங்கவில்லை. மாற்றாக, தாங்கியின் மேல்பட்டைக்கும் மேடைக்கும் நடுவே, பட்டையின் முழு நீளத்துக்கும் தேக்குக் கட்டைகளை ஒட்டி இழைத்து வைத்து, மேடையை மட்டும் 8 செ.மீ. உயர்த்தினோம். முழுப் பாரத்தில் இப்போது 15 செ.மீ. கிடைத்தது. கட்டைகள் நீளமாக இருப்பதால் பக்கவாட்டில் ஆட்டம் இல்லை.

மூன்று வாரங்களுக்குப் பிறகு இடது பக்கத்தில் ஒரு கீழ் போல்ட்டின் நட்டில் நீர்ப்பொட்டு நிற்பதைப் படகுக்கு உரியவரே கவனித்துச் சொன்னார். காரணத்தைத் தேடியபோது எங்கள் உதவியாளர் வருத்தத்தோடு ஒப்புக்கொண்டார்: கை எட்டாததால் அந்த ஒரு போல்ட்டை மட்டும் நட்டைப் பிடித்துக்கொண்டு தலைப்பக்கத்தைத் திருகி முடுக்கியிருந்தார். பாதி இறுகிய சீலன்ட் வளையம் அந்தத் திருகலில் கிழிந்துவிட்டது. தலை அசையாமல் பிடித்து நட்டை மட்டுமே திருக வேண்டும். படகைக் கரையேற்றி, மெல்லிய தகட்டுக் கத்தியால் சீலன்ட்டை அறுத்துத் தாங்கியை எடுக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. வெளித்தோலில் ஒரு கீறலும் விழவில்லை. எப்பாக்ஸி உறை இருந்ததால் நீர் மரத்தைத் தொடவும் இல்லை. துளையைத் துடைத்து உலர்த்தி, புதிய சீலன்ட் வைத்து மறுபடி பொருத்தினோம்.

ஏணியும் மேடையடியில் தேங்கும் புகையும்

மேடையை 8 செ.மீ. உயர்த்தியதால் வேறொன்று தவறியது. அமெரிக்கப் படகுத் தரங்களை வகுக்கும் ஏபிஒய்சி அமைப்பு, நீரில் விழுந்தவர் பிறர் துணையின்றித் தானே ஏறிவர வேண்டும் என்றும், ஏணியின் கடைசிப் படி படகு மிதந்து நிற்கும்போது நீர்மட்டத்துக்குக் கீழே குறைந்தது 22 அங்குலம், அதாவது ஏறத்தாழ 56 செ.மீ., இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. முதலில் வாங்கிய மூன்று படி ஏணி 58 செ.மீ. இறங்கியது. உயர்த்திய பிறகு 50 செ.மீ.தான். இந்த எண்ணின் பொருளைப் படகுக்கு உரியவரின் மனைவி காட்டித்தந்தார். அவருக்குத் தோளில் நாள்பட்ட வலி. நீரில் நின்று முழங்காலை உயர்த்திப் படியைத் தேடினார். பாதம் படியின் விளிம்பில் பட்டு இரண்டு முறை நழுவியது. வலது கை மேடையின் மேல் தடவித் தடவிப் பிடிக்க ஒன்றும் அகப்படாமல் ஈரத் தேக்கில் வழுக்கி வந்தது. மூன்றாம் முறை அவர் முயலவில்லை. மறுநாளே நான்கு படி ஏணியை மாற்றினோம். அவர் கை தேடிய அதே இடத்தில் ஒரு கைப்பிடியை மேடையை ஊடுருவும் போல்ட்டுகளால் பொருத்தினோம். பழைய கொக்கி ஏணியைப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். நீரில் தனியே இருப்பவருக்கு அது இல்லாததற்குச் சமம். புதியது மேடையின் அடியில் மடங்கி நிற்கும். நீரிலிருந்தே இழுத்து இறக்கலாம்.

சோதனை ஓட்டத்தின்போது, படகு மெதுவாகப் போய்க்கொண்டிருக்க, பிள்ளைகள் மேடையின் விளிம்பைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்தார்கள். வழக்கமாகச் செய்வதுதான் என்றார்கள். உடனே இயந்திரத்தை நிறுத்தச் சொன்னேன். இவ்வகை உந்துகருவியில் புகை வெளியேறுவது மேடைக்கு நேர் கீழே. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு பற்றிக்கொள்ளும். 2000ஆம் ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவின் பாவெல் ஏரியில், ஒரு வீட்டுப்படகின் பின்மேடையருகே நீந்திய சகோதரர்கள் இருவர், மேடைக்கு அடியில் தேங்கிய மின்னாக்கிப் புகையால் உயிரிழந்தனர். ஓடும் படகின் மேடையைப் பற்றிக்கொண்டு வருவதைக் கலிபோர்னியா மாநிலம் 2004இல் சட்டமியற்றித் தடை செய்தது. இயந்திரம் ஓடும்போது மேடையில் யாரும் இருக்கக்கூடாது என்ற அறிவிப்பை, ஏணியின் மேல் கண்ணில் படும்படி ஒட்டிவிட்டுத்தான் படகை ஒப்படைத்தேன். இரண்டு நாள் என்று தொடங்கிய வேலைக்கு ஏழு வாரங்கள் ஆகியிருந்தன.

ஒரு பருவத்துக்குப் பின்

பருவம் முடிந்து படகு கரையேறியபோது அதே கட்டத்தாளை வைத்துக்கொண்டு மறுபடி தட்டினோம், அளந்தோம். வலது ஓரம் முழுவதும் கெட்டியான ஒலி. ஈரப்பதமானி அடிப்படை அளவைத் தாண்டவில்லை. போல்ட்டுகளில் இரண்டு மட்டும் கால் சுற்றுத் தளர்ந்திருந்தன. தேக்கு சாம்பல் நிறத்துக்கு மாறியிருந்தது; எண்ணெய் பூசினால் வழுக்குகிறது என்று வீட்டில் சொன்னதால் அப்படியே விட்டுவிட்டார்கள். அது சரியான முடிவு.

மாற்றிச் செய்யக்கூடியவை

மேடையின் உயரத்தைக் குறிப்பதற்கு முன், பழைய மேடை இருக்கும்போதே, தொட்டியை நிரப்பி, வழக்கமாக ஏறும் அத்தனை பேரையும் ஏற்றி, படகை நீரில் மிதக்கவிட்டுப் பின்சுவரில் கோடு போட்டிருக்க வேண்டும். அரை நாள் வேலை. அது இரண்டாவது முறை மேடையைக் கழற்றியதையும், ஓர் ஏணி வீணானதையும் தவிர்த்திருக்கும். தொலைபேசியில் அளவு கேட்பவரிடம் இப்போதெல்லாம் நான் முதலில் கேட்பது, பழைய மேடை ஏன் ஆடுகிறது என்பதையும், கீழ்த் துளைகளில் கறை இருக்கிறதா என்பதையும்தான். முடுக்கும் வேளையில் உள்ளே ஒருவரும் வெளியே ஒருவரும் இல்லாமல் ஒரு போல்ட்டையும் தொடுவதில்லை.

தீராத கேள்வி ஒன்று உண்டு. இடது ஓரத் தாங்கியின் பழைய கீழ்த் துளைகளை, தூள் காய்ந்திருந்ததை நம்பி, அகலப்படுத்தி எப்பாக்ஸி நிரப்பியதோடு விட்டோம். உள்தோலைத் திறந்து பார்க்கவில்லை. இந்த முறை அளந்தபோது அந்தத் துளைக்குக் கீழே உள்ள ஒரே ஒரு சதுரத்தில் அளவு சென்ற ஆண்டைவிடச் சற்றுக் கூடியிருந்தது. ஒலியில் மாற்றமில்லை. மானியின் தடுமாற்றமாக இருக்கலாம். எங்களுக்கு முந்திய ஈரமாகவும் இருக்கலாம். படகு வெயிலில் ஒரு மாதம் நின்றபின் அதே சதுரத்தை மீண்டும் அளப்பது, அளவு இறங்காவிட்டால் உள்ளிருந்து 5 மி.மீ. துளை போட்டுத் தூளைப் பார்ப்பது என்று படகுக்கு உரியவரோடு பேசி முடிவு செய்திருக்கிறோம். கட்டத்தாளில் அந்தச் சதுரம் சிவப்பு மையால் குறிக்கப்பட்டிருக்கிறது.